தூதுவர் மகளும் தோட்டத்து மகளும்: ஜான்சி ராணிப் படை வரலாற்றில் பேராக் மாநிலத் தமிழ்ப் பெண்கள்

முன்னுரை

மலாயாத் தமிழர் வரலாற்றில் ஜப்பானியர் ஆட்சிக்காலம் (1941–1945) மூன்றரை ஆண்டுகளே நீடித்தது. எனினும் அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் நிகழாத மாற்றங்கள் பல அக்குறுகிய காலத்தில் நிகழ்ந்தன. அவற்றுள் ஒன்று, பெண்கள் சீருடை அணிந்து, துப்பாக்கி ஏந்தி, அரசியல் படையொன்றில் உறுப்பினர் ஆனமையாகும். இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படை 1943-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் அமைக்கப்பட்டது. அதில் சேர்ந்தோரில் பெரும்பான்மையினர் மலாயாவில் பிறந்தவர்கள் அல்லது வளர்ந்தவர்கள். இந்திய மண்ணை ஒருமுறைகூட மிதித்திராதவர்கள் அவர்களுள் மிகப் பலர்.

இப்படையைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றை நோக்கினால் சில பெயர்களே மீண்டும் மீண்டும் இடம்பெறுவதைக் காணலாம். அப்பெயர்களுக்கு உரியவர்கள் மருத்துவர், வசதிபடைத்த வணிகர் வீட்டுப் பெண், ஆங்கிலப் பள்ளி மாணவி, அரசியல் தலைவரின் மகள் என்னும் நிலையினர். தோட்டப்புறத்திலிருந்து சென்றவர்களோ பெரும்பாலும் தொகையாகவே சுட்டப்படுகின்றனர். இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது, படையின் வரலாற்றைப் பற்றிய நம் புரிதலை அது எவ்வாறு திரித்துள்ளது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. இதன்பொருட்டு, பின்னாளில் தூதுவரான ஒருவரின் மகள், ஈப்போ நகரத்து மகள், பெயர் பதிவாகாத தோட்டத்து மகள் என மூவர் எடுத்துக்கொள்ளப்படுகின்றனர். பேராக் மாநிலம் ஆய்வுக் களமாக அமைகிறது.

போருக்கு முந்தைய பேராக்

பேராக் மாநிலத்தின் பொருளாதாரம் ஈயம், இரப்பர் ஆகிய இரு தூண்களின்மீது எழுந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் ஈப்போவைப் பெருநகராக்கின. சுங்கை சிப்புட், கோலாகங்சார், சித்தியவான், தாப்பா, தஞ்சோங் மாலிம் எனப் பரந்து கிடந்த இரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாகக் குடியமர்த்தப்பட்டனர். இவர்களுக்கு மேலாக, கிராணிகளாகவும் ஆசிரியர்களாகவும் இரயில்வே, அஞ்சல் துறை ஊழியர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழரும் கேரளத்தவரும் பணியாற்றினர். ஒரே மொழியைப் பேசியபோதும் கிராணி வீடும் லயத்து வீடும் தொலைவில் இருந்தன. இத்தொலைவு இடத்தைச் சார்ந்ததாக மட்டுமின்றி, சாதி, கல்வி, பிறந்த மண் ஆகியவற்றையும் சார்ந்ததாக அமைந்தது.

தோட்டப்புறப் பெண்ணின் நிலையை இரு செய்திகள் தெளிவாக்கும். 1928-ஆம் ஆண்டில் முக்கிய வட்டாரங்களுக்கென நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசாகவும் பெண்ணுக்கு 40 காசாகவும் இருந்தது. விடியற்காலைப் பெரட்டில் இருவரும் ஒரே வரிசையில் நின்றனர். கூலியில் மட்டும் வேற்றுமை நிலவியது. இரண்டாவது செய்தி 1941-ஆம் ஆண்டைச் சார்ந்தது. அவ்வாண்டில் சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டாரத்தில் நிகழ்ந்த தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், தொழிலாளர் குடும்பப் பெண்கள் மேலதிகாரிகளால் தொல்லைக்கு உள்ளாவது நிறுத்தப்பட வேண்டும் என்பதும் ஒன்று. கூலி உயர்வுக் கோரிக்கையோடு மானம் பற்றிய கோரிக்கையும் ஒரே பட்டியலில் இடம்பெற்றமை நோக்கத்தக்கது.

சீர்திருத்தக் கருத்துகளும் பேராக்கிற்கு அன்னியமானவை அல்ல. 1929-ஆம் ஆண்டு டிசம்பரில் தந்தை பெரியார் மலாயா வந்தபோது ஈப்போவில் நடைபெற்ற தமிழர் மாநாட்டில் உரையாற்றினார். நாகம்மையாரும் அப்பயணத்தில் உடன்வந்தார். பொது மேடையில் பெண் அமரலாம் என்பதை அக்காட்சியே ஒரு தலைமுறைக்கு உணர்த்தியிருக்கும். ஆகவே, 1943-இல் பெண்கள் படையில் சேர முன்வந்தமை வெற்றிடத்தில் நிகழ்ந்த அதிசயம் அன்று. அதற்கு முன்னரே மனக்குமுறலும் மாற்றத்திற்கான விருப்பமும் வேரூன்றியிருந்தன.

போரும் பேராக்கும்

1941 டிசம்பர் 8-ஆம் நாள் கிளந்தானில் தரையிறங்கிய ஜப்பானியப் படை அம்மாத இறுதிக்குள் ஈப்போவைக் கைப்பற்றியது. டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கம்பாரில் 11-ஆம் இந்திய டிவிஷனின் வீரர்கள் எதிர்த்து நின்றனர். ஜனவரி 7-ஆம் நாள் சிலிம் ரிவரில் பிரித்தானியத் தரப்பு பெருந்தோல்வியைச் சந்தித்தது. இரு போர்க்களங்களும் பேராக் மண்ணிலேயே அமைந்தன. அதே வாரங்களில் தைப்பிங்கில் ஜப்பானிய உளவுத்துறை அதிகாரி ஃபுஜிவாராவும் கேப்டன் மோகன் சிங்கும் நடத்திய பேச்சுகளே இந்திய தேசிய இராணுவத்திற்கு வழிகோலின. இந்தியச் சிப்பாய்கள் ஒருபுறம் பிரித்தானியருக்காக மடிந்துகொண்டிருக்க, மறுபுறம் அவர்களைக் கொண்டே பிரித்தானியருக்கு எதிரான படை ஒன்று கருக்கொண்டது. இம்முரணின் நிலைக்களம் பேராக் எனலாம்.

பொதுமக்களைப் பொறுத்தவரை போரின் முதல் அடையாளம் அரிசித் தட்டுப்பாடே. மலாயா தனக்குத் தேவையான அரிசியின் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் இறக்குமதி செய்துவந்தது. அவ்வரத்து சுருங்கியது. மேலை நாட்டுச் சந்தைகள் அடைபட்டதால் இரப்பர் விலைபோகவில்லை, பால்மரம் வெட்டும் வேலை நின்றது, கூலியும் நின்றது. மரவள்ளிக்கிழங்கு உணவாயிற்று. ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டு மதிப்பிழந்துகொண்டே வந்தது.

1942-இன் நடுப்பகுதியில் சயாம்–பர்மா இரயில் பாதைப் பணி தொடங்கியது. அது 1943 அக்டோபரில் முடிவுற்றது. அதற்காக மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டனர் என்பது போருக்குப் பிந்தைய கணிப்பு. அவர்களுள் பெரும்பான்மையினர் தமிழர்கள். பல்லாயிரவர் திரும்பவில்லை. தந்தையும் கணவனும் தமையனும் இல்லாத தோட்டங்களில் பெண்களும் சிறுவர்களும் எஞ்சினர். ஜான்சி ராணிப் படைக்கு அழைப்பு வந்தபோது தோட்டங்களின் நிலை இதுவே. படையின் வரலாற்றையும் மரண இரயிலின் வரலாற்றையும் தனித்தனி இயல்களாக எழுதும் வழக்கம் இவ்விணைப்பை மறைத்துவிடுகிறது.

படையின் தோற்றம்

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலை 2-ஆம் நாள் சிங்கப்பூர் வந்தடைந்தார். இரு நாள்களில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். ஜூலை 9-ஆம் நாள் பொதுக்கூட்டத்தில் பெண்கள் படை ஒன்றை அமைக்கும் கருத்தை அறிவித்தார். மூன்றே நாள்களில் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் ஏறத்தாழ 20 பெண்களைத் திரட்டி அணிவகுப்பு மரியாதை அளித்தார். அக்டோபர் 21-ஆம் நாள் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு பிரகடனம் செய்யப்பட்டது. மறுநாள் சிங்கப்பூரில் ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. லட்சுமி படைக்குத் தலைமை ஏற்றதோடு, தற்காலிக அரசில் பெண்கள் நலத்துறைக்கும் பொறுப்பேற்றார்.

லட்சுமி 1914-இல் சென்னையில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 1940-இல் சிங்கப்பூர் வந்தவர். அவர்தம் அன்னை அம்மு சுவாமிநாதன் பின்னாளில் இந்திய அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினரானார். லட்சுமிக்குத் தமிழ் தெரிந்திருந்தமை படைக்குப் பெரும் பயனளித்தது. படையின் கட்டளை மொழி இந்துஸ்தானி. அது உரோமன் எழுத்தில் கற்பிக்கப்பட்டது. பயிற்சிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் மட்டுமே அறிந்தவர்கள். முகாமின் வகுப்பறையில் எழுத்தறிவு பெற்ற பெண்கள் உண்டு என்பதும், பலருக்கு அதுவே முதற்பள்ளி என்பதும் நினைவில் கொள்ளத்தக்கவை.

தூதுவரின் மகள்

தற்காலிக அரசை ஜப்பான், ஜெர்மனி உள்ளிட்ட ஒன்பது அரசுகள் அங்கீகரித்தன. நிலப்பரப்பு அதற்கு மிகக் குறைவு. எனினும் அமைச்சரவையும் நாணயமும் அயலுறவும் இருந்தன. அவ்வகையில் அது பின்னாளைய தூதர்களின் பயிற்சிக்களமாகவும் அமைந்தது. பினாங்கு வழக்கறிஞர் என். ராகவன் தற்காலிக அரசில் பொறுப்பு வகித்தவர்; சுதந்திரத்திற்குப்பின் சீனாவுக்கான இந்தியத் தூதரானார். 1904-இல் கோலாகங்சாரில் பிறந்த ஜான் திவி 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவரானார். மறு ஆண்டே மலாயாவுக்கான இந்தியப் பிரதிநிதியாக அமர்த்தப்பட்டார். இந்திய தேசிய இராணுவத்தின் போர்வீரர்களை இந்திய இராணுவம் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. அதன் குடிமைத் தலைவர்களுக்கோ வெளியுறவுத்துறையின் கதவு திறந்தது.

அத்தலைவர்களுள் ஒருவர் ஆனந்த் மோகன் சகாய். பீகாரைச் சேர்ந்த இவர் 1920-களிலிருந்து ஜப்பானில் வாழ்ந்து விடுதலைப் பணியாற்றினார். தற்காலிக அரசில் செயலாளர் பொறுப்பு வகித்தார். சுதந்திரத்திற்குப்பின் இந்தியத் தூதர்ப் பணியில் அமர்ந்தார். இவர்தம் துணைவியார் சித்தரஞ்சன் தாஸ் குடும்பத்தைச் சார்ந்தவர். இவ்விணையரின் மகள் ஆஷா 1928-இல் கோபே நகரில் பிறந்தார். ஜப்பானியப் பள்ளியில் பயின்றார். வானிலிருந்து குண்டுகள் பொழிந்த ஜப்பானில் போரின் இறுதிக் கட்டத்தைக் கண்டபின், 1945-இல் பாங்காக் சென்று ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. போர்முனைக்குச் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

எனினும் வரலாற்றில் அவருக்கு உறுதியான இடமுண்டு. அவர் நாட்குறிப்பு எழுதினார் என்பதே அதன் காரணம். ஜப்பானிய மொழியில் எழுதப்பட்ட அக்குறிப்புகள் பின்னர் இந்தியில் நூலாயின. 2022-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தன. பதினேழு வயதுப் பெண்ணொருத்தி தன் காலத்தை நேர்நின்று பதிந்த ஆவணம் என்ற வகையில் அதன் மதிப்பு பெரிது. ஆஷாவின் பற்றுறுதியைக் குறைத்து மதிப்பிடுவது இங்கு நோக்கமன்று. ஆயினும் ஒரு நாட்குறிப்பு நிலைபெறுவதற்கு எழுத்தறிவு, தாள், தனிமை, அதைப் பாதுகாக்கும் குடும்பம், வெளியிட முன்வரும் பதிப்பகம் என ஐந்து வாய்ப்புகள் தேவை. தலைவரின் மகளுக்கு இவ்வைந்தும் வாய்த்தன.

ஈப்போவின் மகள்

1927-ஆம் ஆண்டு மே முதல் நாள் ஈப்போவில் பிறந்த இராசம்மா நவரத்தினம், யாழ்ப்பாணத் தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தைச் சார்ந்தவர். ஆங்கிலக் கல்வி பெற்றுவந்த அவர் 1943-இல் தம் சகோதரி பொன்னம்மாவுடன் படையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு. சகோதரியர் இருவரும் பர்மா சென்றனர். இலங்கையை மூதாதையர் மண்ணாகக் கொண்ட, மலாயாவில் பிறந்த ஒரு பெண், இந்தியாவின் விடுதலைக்காகப் பர்மாவுக்குச் சென்றார் என்பது சிந்தனைக்குரியது. அவரைப் பொறுத்தவரை ‘இந்தியா’ என்பது ஊர்ப்பற்றை விடவும் அடிமைத்தளைக்கு எதிரான ஓர் அடையாளமாகவே இருந்திருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் பயிற்சி முடித்த பெண்கள் பாங்காக் வழியாக, தோட்டத்துத் தமிழரின் உயிரைக் கொண்டு போடப்பட்ட அதே இரயில் பாதையில் பர்மாவுக்குப் பயணம் செய்தனர். தற்காலிக அரசின் தலைமையகம் 1944 ஜனவரியில் இரங்கூனுக்கு மாறியது. அவ்வாண்டு மார்ச்சில் தொடங்கிய இம்பால் படையெடுப்பு ஜூலையில் தோல்வியுற்றது. பெண்கள் படை களத்தில் நேரடியாகப் போரிடவில்லை. மேமியோவில் பயிற்சியும் மருத்துவமனைகளில் காயமுற்றோரைப் பேணும் பணியும் அதன் பொறுப்பாயின. 1945 ஏப்ரல் 24-ஆம் நாள் இரவு நேதாஜி இரங்கூனை விட்டுப் புறப்பட்டபோது ராணிப் படையினரையும் உடன் அழைத்துச் சென்றார். பகலில் மறைந்தும் இரவில் நடந்தும் அவர்கள் மௌல்மேன் வழியாகப் பாங்காக் அடைந்தனர். அந்நடைப் பயணத்தில் பெண்களுக்குத் தலைமை தாங்கியவர் கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர். பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என்னும் பெயரில் மலேசிய மேலவை உறுப்பினராகவும் இந்தியாவின் பத்மஸ்ரீ விருது (2000) பெற்றவராகவும் அறியப்பட்டவர் இவரே.

இராசம்மாவின் போருக்குப் பிந்தைய வாழ்வு படையின் நீட்சியாகவே அமைந்தது. பட்டம் பெற்று ஆசிரியரான அவர், 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றார். தேசிய மகளிர் அமைப்புகள் மன்றத்தில் பணியாற்றினார். கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கினார். சம வேலைக்குச் சம ஊதியம் என்னும் போராட்டம் அவர்தம் பெயரோடு பிணைந்தது. 1960-களின் இறுதியில் அரசுப் பணியில் அக்கொள்கை நடைமுறைக்கு வந்தது. இராசம்மா பூபாலன் என்னும் பெயரில் அவர்தம் வாழ்க்கை வரலாற்றை அருணா கோபிநாத் எழுத, மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம் 2007-இல் வெளியிட்டது. போர் முடிந்து அறுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த நூல் அது.

தோட்டத்தின் மகள்

படையின் எண்ணிக்கை குறித்து அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. ஏறத்தாழ ஆயிரம் பேர் என்பது நெடுநாளாக வழங்கிவரும் மதிப்பீடு. வேரா ஹில்டபிராண்ட் 2016-இல் வெளியிட்ட தம் ஆய்வில் அது ஐந்நூற்றுக்கும் குறைவு என வாதிட்டார். இரு தரப்பினரும் ஒப்பும் செய்தி ஒன்றுண்டு: படையின் பெரும்பகுதியினர் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் என்பதே அது.

பெரும்பான்மையினரான இவர்களது பெயர்ப்பட்டியல் நம்மிடம் இல்லை. படையின் ஆவணங்கள் பெரும்பாலும் பின்வாங்கலின்போது அழிந்துபட்டன. இத்தகைய இழப்பின் தன்மையை ஒரு நிகழ்ச்சி நன்கு உணர்த்தும். 1945-இல் பர்மாவிலிருந்து திரும்பிய பெண்களின் இரயில் தாக்கப்பட்டதில் இருவர் உயிரிழந்தனர். படையின் வரலாற்றில் களப்பலியானவர்களாகப் போற்றப்படும் அவ்விருவரும் நூல்களில் பெரும்பாலும் ஸ்டெல்லா, ஜோசபின் என்னும் முதற்பெயர்களால் மட்டுமே குறிக்கப்படுகின்றனர். உயிரைக் கொடுத்தவர்களுக்கே முழுப்பெயர் வாய்க்கவில்லையெனில், உயிரோடு திரும்பிப் பால்வாளியை மீண்டும் கையிலெடுத்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பி வந்தோரின் மௌனத்திற்குக் காரணங்கள் உள. 1945 செப்டம்பரில் பிரித்தானியர் மீண்டனர். சிங்கப்பூர்க் கடற்கரையில் எழுப்பப்பட்டிருந்த இந்திய தேசிய இராணுவ நினைவுச்சின்னத்தை அவர்கள் தகர்த்தனர். அத்தகைய சூழலில் படையில் இருந்ததைச் சொல்வது அச்சத்திற்குரியதாயிற்று. 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிரகடனப்படுத்தப்பட்டது. துப்பாக்கி பிடித்த பழக்கம் உடையவர் என அறியப்படுவது எவருக்கும் நன்மை தராத காலம் அது. மணப்பருவத்துப் பெண்ணுக்கு அது பன்மடங்கு பாதகமானது. ஆண்களோடு முகாமில் இருந்தாள் என்னும் பழிச்சொல்லுக்கு அஞ்சிய குடும்பங்களும் இருந்திருத்தல் கூடும்.

பசியும் விடுதலையும்

தோட்டத்துப் பெண்கள் படையில் சேர்ந்தமைக்குரிய காரணம் பற்றி ஒரு விளக்கம் பரவலாக வழங்குகிறது. படித்த பெண்கள் நாட்டுப்பற்றால் சேர்ந்தனர். தோட்டத்துப் பெண்கள் உணவுக்காகவும் பாதுகாப்புக்காகவும் சேர்ந்தனர் என்பதே அது. இவ்விளக்கத்தில் உண்மையின் கூறு உண்டு. முகாமில் மூன்று வேளை உணவு கிடைத்தது. ஜப்பானியச் சிப்பாய்களின் அத்துமீறலிலிருந்து முகாம் காத்தது. தந்தை சயாமுக்குப் போன வீட்டில் மூத்த மகள் முகாமுக்குச் சென்றால் பங்கீட்டு அரிசி சற்று நீளும்.

ஆயினும் இவ்விளக்கத்தின் குறை அதன் அளவுகோலில் உள்ளது. வசதியான வீட்டுப் பெண்ணிடம் கேட்கும்போது கொள்கையைத் தேடும் ஆய்வாளர், தோட்டத்துப் பெண்ணிடம் கேட்கும்போது வயிற்றைத் தேடுகிறார். ஆஷாவும் தந்தையின் அரசியல் வட்டத்திற்குள் வளர்ந்தவர். அவர்தம் முடிவிலும் குடும்பச் சூழலின் பங்கு இருந்தது. அதை எவரும் நாட்டுப்பற்றின் குறையாகக் கருதுவதில்லை. தோட்டத்துப் பெண்ணின் சூழலோ அவள் நாட்டுப்பற்றை மறுக்கும் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

தோட்டத்தில் பசி என்பது அரசியலுக்குப் புறம்பான உடல் நிகழ்வாக இருந்ததில்லை. கூலியை நிர்ணயித்தவர், அரிசியை அளந்தவர், பெரட்டில் பெயர் கூப்பிட்டவர், பெண்ணைத் தொல்லைப்படுத்தியவர் அனைவரும் ஒரே அதிகார ஏணியின் படிகளில் நின்றவர்கள். கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கூலியும் மானமும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றதை முன்னர் கண்டோம். அத்தகைய அனுபவம் உடைய பெண்ணிடம் ‘நீ அடிமையல்லள்’ என ஒரு மேடை சொல்லும்போது, அதை விளங்கிக்கொள்ள அவளுக்கு இந்திய வரைபடம் தேவைப்பட்டிருக்காது. ‘துரை’ என்று மட்டுமே அழைக்கப்பட்ட ஒருவரின் அரசை எதிர்த்துத் துப்பாக்கி பிடிக்கலாம் என்னும் எண்ணமே அவளுக்கு விடுதலையின் முதற்பாடமாக இருந்திருக்கும். பசியும் விடுதலையும் அவள் வாழ்வில் பிரிக்கவியலாதவை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இத்துணிபுக்குத் துணைசெய்யும் சான்று போருக்குப் பிந்தைய தோட்டங்களில் கிடைக்கிறது. 1946–47-இல் கெடா மாநிலத் தோட்டங்களில் தோன்றிய தொண்டர் படை, கள்ளுண்ணாமையையும் சீர்திருத்தத்தையும் வலியுறுத்தி அணிவகுத்தது. இந்திய தேசிய இராணுவத்தின் தாக்கம் அதன் நடையிலும் ஒழுங்கிலும் வெளிப்பட்டதை வரலாற்றாசிரியர்கள் சுட்டியுள்ளனர். உணவுக்காக மட்டுமே சேர்ந்திருந்தால், உணவு மீண்டபின் அணிவகுப்பு நின்றிருக்க வேண்டும். அது நிற்கவில்லை. இச்சான்று பெரும்பாலும் ஆண்களைப் பற்றியது என்பது உண்மையே. எனினும், முகாம் அனுபவம் தோட்டத்து மனத்தில் எதை விட்டுச்சென்றது என்பதை அறிய அது உதவுகிறது.

அழிந்துவரும் தோட்டமும் அழியும் சான்றும்

1950-களில் அவசரகாலக் கெடுபிடியால் தோட்டக் குடியிருப்புகள் முள்வேலிக்குள் மீள்குழுவாக்கப்பட்டன. தொடர்ந்து வெளிநாட்டுத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தமை அத்துண்டாடலுக்கு எதிரான முயற்சியே. பின்னர் இரப்பர் மரங்கள் செம்பனைக்கு வழிவிட்டன. அதன்பின் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் இடிக்கப்பட்டன. தோட்டத்தின் பெயர் சாலைப் பெயராகவோ கோயிலின் பெயராகவோ எஞ்சியது. சில இடங்களில் அதுவும் எஞ்சவில்லை.

வரலாற்றாய்வுக்கு இது பெரும் இடர். ஒரு பெண் எந்தத் தோட்டத்திலிருந்து படைக்குச் சென்றாள் எனும் செய்தி கிடைத்தாலும், அத்தோட்டத்தை இன்று நிலப்படத்தில் காண இயலாத நிலை உள்ளது. 1943-இல் பதினாறு வயதினராக இருந்த ஒருவருக்கு 2027-இல் நூறு வயது நிறையும். நேர்முகச் சாட்சியங்களின் காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது.

இவ்வெற்றிடத்தை மலேசியத் தமிழ்ப் புனைகதை ஓரளவு நிரப்பியுள்ளது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண இரயில்’ (1993), அ. ரெங்கசாமியின் ‘இமையத் தியாகம்’ (2006) ஆகிய புதினங்கள் இக்காலத்தைத் தோட்டப்புறத் தமிழர் நோக்கில் பேச முற்பட்டவை. புனைகதை சான்றாகாது, ஆனால் எந்தக் கேள்வியை எங்கே கேட்க வேண்டும் என்பதை அது ஆய்வாளருக்கு உணர்த்தும்.

முடிவுரை

தூதுவரின் மகள் தாமே எழுதினார். ஈப்போவின் மகள் பேச, பிறர் எழுதினர். தோட்டத்து மகளைப் பற்றிப் பிறர் மதிப்பிட்டனர். மூவரும் ஒரே சீருடையை அணிந்தவர்கள். சான்றுகளின் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாது எழுதப்படும் படை வரலாறு, படையின் சிறுபான்மையினரது வரலாறாகவே முடியும்.

செய்யத்தக்க பணிகள் இன்றும் உள. முதலாவது, தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள், கோயில் திருவிழாக் கணக்குகள், குடும்பங்களில் எஞ்சியுள்ள பழைய புகைப்படங்கள், தற்காலிக அரசுக்கு நன்கொடை அளித்த சீட்டுகள் ஆகியவற்றைத் தேடித் தொகுத்தல். பள்ளிகள் இடம்மாறும்போது முதலில் குப்பைக்குப் போவன இத்தகைய ஏடுகளே. இரண்டாவது, பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் வாய்மொழிச் செய்திகளைப் பதிவுசெய்தல். சிங்கப்பூர் 1979-லேயே வாய்மொழி வரலாற்று மையத்தைத் தொடங்கி ஜப்பானியர் காலச் சாட்சியங்களைத் திரட்டியது. பேராக்கின் தோட்டங்களுக்கு அத்தகைய முறையான தொகுப்பு இன்றியமையாதது. ‘பாட்டி பட்டாளத்தில் இருந்தார்’ என்னும் ஒற்றை வாக்கியம்கூட, ஊரும் ஆண்டும் சேர்த்துக் குறிக்கப்பட்டால் சான்றாகும். மூன்றாவது, முன்னாள் தோட்டங்களின் பெயர்களையும் எல்லைகளையும் தமிழ் வழக்குப் பெயர்களோடு சேர்த்து நிலப்படமாக்குதல். தோட்டத்துக்கு நிறுவனம் இட்ட பெயர் ஒன்றாகவும் தொழிலாளர் வழங்கிய பெயர் வேறொன்றாகவும் இருந்தமையால், தமிழறியாத ஆய்வாளரால் இப்பணியை முழுமையாகச் செய்தல் அரிது.

இம்மூன்றும் பெரும் நிதியை வேண்டுவன அல்ல. வகுப்பறையில் மாணவர்க்குக் குடும்ப வரலாற்றை எழுதப் பணிக்கும் ஒரு தமிழாசிரியர், முதல் இரு பணிகளையும் இவ்வாண்டே தொடங்கிவிடலாம். அம்மாணவர்கள் கொண்டுவரும் பெயர்களுள் ஒன்றிரண்டேனும் படைமுகாமுக்குச் சென்று திரும்பிய பெண்களுடையவாக இருக்கக்கூடும்.